தட்டணுக்களும் குலவழியும்

விளையாடும் சிறுவன் ஒருவன் இடறி விழுகின்றான். முழங்காலில் தோல் உராய்ந்து குருதி கசிகின்றது; சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகின்றது. குருதியில் மிதக்கும் தட்டணுக்கள் விரைந்து திரண்டு காயத்தின் வாயை அடைப்பதனாலேயே இது நிகழ்கின்றது. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் அவை ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை உள்ளன.

சில குழந்தைகளுக்கு இத்தொகை திடீரெனக் குறைந்துவிடுவதுண்டு. சளிக்காய்ச்சல் போன்றதொரு நோய் வந்து நீங்கிய சில வாரங்களில், அடிபடாமலே தோலில் செம்புள்ளிகளும் கன்றிய திட்டுகளும் தோன்றும். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் தவறுதலாகத் தட்டணுக்களையே பற்றிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகின்றது. வேலியே பயிரை மேய்கின்றது எனலாம். இந்நோய்க்குக் காரணமான பொருள் குருதியிலேயே உள்ளதென்பதை மெய்ப்பிக்க, 1950 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹாரிங்டன் நோயாளி ஒருவரின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் மிகமிகக் குறைந்தன. நல்வினையாகப் பின்னர் மீண்டார். இத்தகைய துணிவு போற்றத்தக்கதே எனினும் பின்பற்றத்தக்கதன்று.

இந்நோய் குலவழி வருவதா? பெரும்பாலும் அன்று. இந்நோயுற்ற குழந்தைகளுள் மிகப் பலர் ஓராண்டிற்குள் தாமே நலம் பெறுகின்றனர். எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்களை விழுங்கணுக்கள் பற்றும் வகையை வரையறுக்கும் மரபணுக்களில் காணப்படும் சிறு வேறுபாடுகள், நோய்க்குச் சிறிது இடந்தரலாம் என்பர். அவை மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை.

ஆயினும், இதனைப் போலவே தோன்றி முற்றிலும் வேறான நோய் ஒன்றுண்டு. 1937 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் விஸ்காட் உடன்பிறந்த சிறுவர் மூவரைப் பற்றி எழுதினார். மூவர்க்கும் தட்டணுக்கள் குறைவு. குருதிக் கழிச்சலும் தோற்கரப்பானும் காதில் சீழும் வாட்டின. மூவரும் இளமையிலேயே மாண்டனர். அவர்தம் சகோதரிகளோ நலமாயிருந்தனர்! 'இது பிறவியிலேயே குடும்பத்தில் தொடரும் நோயோ?' என்னும் ஐயத்தைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் வினாக்குறியோடு வைத்தார். உறுதியாக அறியாததை அறிந்ததுபோல் எழுதாத அந்நேர்மையை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வினாவிற்கு விடை 1954 இல் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் ஆல்டிரிச், பல தலைமுறை கொண்ட ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, நோய் தாய்வழியே ஆண்மக்களைச் சாருவதைக் கண்டார். எக்ஸ் குரோமோசோம் ஆண்மக்களுக்கு ஒன்றே உள்ளது. அதிலுள்ள மரபணு பழுதுற்றால் ஈடுசெய்ய மற்றொன்றில்லை. பெண்மக்களுக்கு இரண்டு உள்ளமையின் அவர்கள் பெரும்பாலும் தப்புகின்றனர். பழுதுறும் அம்மரபணு 1994 இல் கண்டுபிடிக்கப்பட்டது. விஸ்காட் கண்ட அதே குடும்பத்தின் வழியினரிடமும் அப்பழுது உண்டென்பது 2006 இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று.

இவ்விரு நோய்களையும் பிரித்தறிதல் உயிர் காக்கும் செயலாகும். முன்னதில் காத்திருத்தலே பல வேளைகளில் போதுமானது. பின்னதிற்கு எலும்பு மச்சை மாற்றம் வேண்டியிருக்கும். ஆகவே, தட்டணு குறைந்த ஆண்குழந்தை ஒன்று வந்தால், தேர்ந்த மருத்துவர் முதலில் நுண்பெருக்கியின் கீழ் அவ்வணுக்களின் உருவளவை நோக்குகின்றார். அவை இயல்பினும் சிறியவையாயின், தாயை நோக்கி, "உங்கள் உடன்பிறந்தாருள் ஆண்குழந்தை எவரேனும் இளமையில் இறந்ததுண்டா?" என்று வினவுகின்றார்.