சேதுக்கரையில் இரு நாள்

கற்றறிதலைப் போலவே கண்டறிதலும் கல்வியாம். சேது நாட்டுக் கடற்கரையில் இரண்டு நாள் உலவுவோர் இவ்வுண்மையை நன்குணர்வர்.

முதல்நாட் காலையில் உப்பூரை அடைந்து வெயிலுகந்த விநாயகரை வணங்கலாம். கதிரவன் ஒளி தம்மேற் படுதலை உகந்தமையால் அவர் இப்பெயர் பெற்றார் என்பர். தெற்கே தேவிபட்டினத்தில், நவபாஷாணம் எனப்படும் ஒன்பது கற்கள் கடலிடையே நிற்கின்றன. அவற்றை இராமபிரான் நிறுவினார் என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர், இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைக் காணலாம். வழியெங்கும் பனைகள் நிறைந்துள்ளன. வேனிலாயின் நுங்கும் பதநீரும், தைத் திங்களாயின் பனங்கிழங்கும் உண்டு களைப்பாறலாம்.

மறுநாள் இராமேசுவரம் கோயிலின் நெடும் பிராகாரத்தைக் கண்டு வியந்தோர், தனுஷ்கோடிக்கும் செல்லுதல் வேண்டும். 1964 டிசம்பரில் வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. பயணிகளோடு புகைவண்டி ஒன்றும் கடலுக்கு இரையாயிற்று. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் அத்துயரை உணர்த்துகின்றன. ஆயினும் மீனவர் சிலர் அம்மணலிலேயே குடிசை அமைத்து, வலை வீசி வாழ்கின்றனர். 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் பாலத்தையும் அப்புயல் சிதைத்தது. 46 நாள்களில் அது செப்பனிடப்பெற்றது. 2025-இல் அதனருகே புதிய பாலம் எழுந்தது.

கடலின் ஆற்றலையும், அதன் முன் தளராத மக்களின் ஊக்கத்தையும் ஒருங்கே கண்டு திரும்புவோரே பயணத்தின் முழுப்பயனையும் பெற்றவராவர்.