திரைப்பாட்டிலிருந்து கச்சேரிக்கு: ராகம் கேட்கப் பழகும் வழி

கர்நாடக இசையை முறையாகக் கற்காத தமிழருக்கும் ராகங்கள் அந்நியமானவை அல்ல. பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் தேநீர்க்கடையிலும் கேட்ட திரைப்பாட்டுகள் வழியாகப் பல ராகங்களின் சாயல் அவர் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கும். இல்லாதது பெயர் மட்டும்தான். கச்சேரி ரசனையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறவர் பெரும்பாலும் இதை மறந்து, மேளகர்த்தா அட்டவணையை மனப்பாடம் செய்யத் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார். காதில் இருப்பதை முதலாக வைத்து, பெயரைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதே பலன் தரும் முறை.

திரைப்பாட்டு இதற்கு இவ்வளவு உதவுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தமிழ்ப் பேசும்படம் தன் முதல் பத்திருபது ஆண்டுகளில் கச்சேரி மேடையிலிருந்தே பாட்டை எடுத்துக்கொண்டது. பாபநாசம் சிவன் எழுதி, ஜி. ராமநாதன் இசையமைத்து, எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய ‘ஹரிதாஸ்’ (1944) படத்தின் சாருகேசிப் பாட்டு, ராகத்தின் பெயரே அறியாதவர் வாயிலும் புழங்கியது. பின்னர் வந்த கே.வி. மகாதேவன், விஸ்வநாதன் – ராமமூர்த்தி, இளையராஜா ஆகியோரும் இந்தச் சுரங்கத்தை விடவில்லை. இதனால் எந்த ராகத்தை எடுத்தாலும் அதற்கு ஒரு திரைப்பாட்டு அகப்பட்டுவிடுகிறது.

முதலில் ஒரே ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு அதில் அமைந்த மூன்று பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பத்து ராகங்களுக்குப் பத்துப் பாட்டு என்று பரப்பிக்கொண்டால் எதுவும் ஒட்டாது. ரீதிகௌளை இதற்கு மிகப் பொருத்தமானது. ‘கவிக்குயில்’ (1977) படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது, ‘முதல்வன்’ (1999) படத்தில் ஏ.ஆர். ரகுமான் அமைத்தது, ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்தில் ஜேம்ஸ் வசந்தன் அமைத்தது என மூன்று இசையமைப்பாளர்களின் பாட்டுகள் கிடைக்கின்றன. தாளக்கட்டு, வாத்தியங்கள், குரல், படத்தின் சூழல் எல்லாமே வேறு. ஆனாலும் மத்தியமத்திலிருந்து நிஷாதத்துக்கு வளைந்து போய், அந்த நிஷாதத்தை இருமுறை அழுத்தி மேல் ஷட்ஜத்தைத் தொடும் ஒரு போக்கு மூன்றிலும் தலைகாட்டும். அந்த இடம் காதுக்குப் பிடிபட்ட பிறகு, சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி இயற்றிய ‘ஜனனி நின்னு வினா’ கிருதியைக் கேட்டால், முன்பு வெறும் இழுவையாகத் தோன்றிய இசைக்குள் அதே போக்கு திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

தொடக்கக்காரருக்கு மோகனத்தைப் பரிந்துரைப்பதே வழக்கம். ஐந்து ஸ்வரம், ஏறும்போதும் இறங்கும்போதும் அதே வரிசை, குழப்பமில்லை என்பது காரணமாகச் சொல்லப்படும். பாடக் கற்பவருக்கு அது சரி. கேட்டுப் பழகுகிறவருக்கு அவ்வளவு பொருந்தாது. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் நாட்டுப்புற மெட்டிலும் சீன, ஜப்பானிய இசையிலும் சாதாரணமாக வருபவை. அவற்றைக் கேட்கும்போதெல்லாம் மோகனம் என்று துள்ளும் பழக்கம் ஏற்பட்டால், ராகத்தைக் கேட்கும் காது வளராது, ஸ்வரங்களை எண்ணும் காதுதான் வளரும். ரீதிகௌளை போன்ற வளைந்து செல்லும் ராகத்துக்கு முகம் உண்டு. கூட்டத்தில் நின்றாலும் அடையாளம் தெரியும். கல்யாணி, தோடி, காம்போதி போன்ற பெரிய ராகங்களைச் சற்றுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

திரைப்பாட்டு வழிகாட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. பல்லவியில் ராகம் ஒழுங்காக இருக்கும். இடையிசை வேறெங்கோ போய்விடும். சரணத்தில் அழகுக்காக ராகத்துக்குப் புறம்பான ஒரு ஸ்வரம் நுழையும். பின்னணியில் வயலின் கூட்டமும் கிடாரும் சேர்ந்து ஒலிக்கும்போது கமகத்துக்கு இடம் குறைந்து, ஸ்வரங்கள் நேர்கோட்டில் நிற்கும். இவை குறைகள் அல்ல, திரைப்பாட்டின் இயல்பு. ஆனால் ராகத்தின் முழு உருவம் இதுதான் என்று கேட்பவர் எண்ணிவிடக் கூடாது. ‘சிந்து பைரவி’ (1985) நல்ல உதாரணம். அதில் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் கொண்டு, இறங்குமுகமே இல்லாமல் இளையராஜா ஒரு பாட்டை அமைத்தார். கச்சேரியில் கல்யாணி பாடுகிறவர் அப்படி ஏறிக்கொண்டே இருக்க முடியாது. சித்ராவுக்கு முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்த பாட்டும் அதே படத்தில்தான் வருகிறது. அது சாரமதி ராகம். அதன் முடிவில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ வந்து இணைகிறது. மேடையில் அந்தக் கிருதி பாடப்படுவது காம்போதியில். படத்தைக் கொண்டு அதைச் சாரமதிக் கிருதி என்று வைத்திருப்பவர் சபாவில் திகைக்க நேரும்.

கைப்பேசியிலும் இணையத்திலும் உலவும் ‘இந்தப் பாட்டு இந்த ராகம்’ பட்டியல்களிலும் இதே சிக்கல்தான். பாட்டின் முதல் வரியை மட்டும் வைத்துப் பெயர் சூட்டியவை அவற்றில் ஏராளம். பட்டியல் இல்லாமல் பாட்டே பெயரைச் சொல்லும் இடமும் உண்டு. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ராகமாலிகையில் தோடி, தர்பார், மோகனம், கானடா என்ற பெயர்கள் அந்தந்த ராகம் ஒலிக்கும் இடத்திலேயே சொல்லாக வருகின்றன. பாடுகிற கதாபாத்திரம் செருக்குப் பிடித்த வித்துவான் என்பதால் காட்சிக்கும் அது பொருந்திப்போகிறது.

ஸ்வர வரிசை வேறு, ராகம் வேறு என்பதைக் காது ஒப்புக்கொள்வதுதான் இந்தப் பயணத்தில் பெரிய திருப்பம். இதற்கு ஆரபியையும் தேவகாந்தாரியையும் அருகருகே கேட்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இரண்டுக்கும் ஏட்டில் எழுதப்படும் ஆரோகணமும் அவரோகணமும் ஒன்றே. ஏறும்போது காந்தாரமும் நிஷாதமும் கிடையாது. இறங்கும்போது ஏழும் உண்டு. ஆனால் ஆரபி விறுவிறுப்பானது, நேராக நடப்பது. காந்தாரத்திலும் நிஷாதத்திலும் தங்காமல் போய்விடுவது. தேவகாந்தாரி சாவகாசமானது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்து, நீட்டி, கெஞ்சுவது போல நகரும். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளில் மூன்றாவது ஆரபியில் அமைந்தது. அதைக் கேட்ட கையோடு கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எந்நேரமும்’ கீர்த்தனையைத் தேவகாந்தாரியில் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே ஸ்வரங்கள் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றாது. கமகம், வேகம், எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது ஆகியவையே ராகத்தை ஆக்குகின்றன என்ற பாடநூல் வாக்கியம் அப்போதுதான் பொருள்படும்.

இதற்கு மாறான சோதனை சங்கராபரணமும் கல்யாணியும். இவை இரண்டுக்கும் வேறுபாடு மத்தியமத்தில் மட்டுமே. மேளகர்த்தா வரிசையில் சங்கராபரணம் 29, கல்யாணி 65. மத்தியமம் மட்டும் மாறும்போது எண் சரியாக 36 கூடும் என்பது 72 மேளத் திட்டத்தின் அமைப்பு. ஒரே ஸ்வரம் மாறினாலும் ராகத்தின் முகம் முழுக்க மாறிவிடுகிறது. கல்யாணியின் பிரதி மத்தியமம் பஞ்சமத்தை உரசிக்கொண்டு நிற்பதால் உண்டாகும் கூர்மையைச் சங்கராபரணத்தில் கேட்க முடியாது. ‘நிதி சால சுகமா’ (கல்யாணி), ‘ஸ்வர ராக ஸுதா’ (சங்கராபரணம்) ஆகிய தியாகராஜர் கிருதிகள் இரண்டையும் ஒரே பாடகர் குரலில் மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது. பாடகர் மாறினால் கவனம் குரலுக்குப் போய்விடும்.

கிருதியின் மொழி பலரைத் தயங்க வைக்கிறது. மும்மூர்த்திகளின் கிருதிகளில் பெரும்பாலானவை தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் உள்ளவை. மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அருணாசலக் கவிராயர், முத்துத் தாண்டவர், ஊத்துக்காடு வேங்கடகவி, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன், பெரியசாமித் தூரன் ஆகியோரின் பாட்டுகள் இன்று தாராளமாகக் கேட்கக் கிடைக்கின்றன. பழகுகிறவர் இவற்றில் தொடங்குவது நல்லது. தமிழ்ப்பற்று ஒருபுறம் இருக்க, செவி சார்ந்த காரணமும் இதற்கு உண்டு. சொல் புரிந்தால், ஒரே வரியைப் பாடகர் சங்கதி மேல் சங்கதியாக வளர்க்கும்போது எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிடிக்க முடிகிறது.

தாளத்தைக் கையால் போட்டே ஆக வேண்டும். மனத்துக்குள் எண்ணினால் போதும் என்று நினைப்பவருக்குத் தாளம் வசப்படுவதில்லை. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை. கச்சேரியில் மிகுதியாக வருவது இதுதான். மிச்ர சாபு ஏழு, கண்ட சாபு ஐந்து. சிக்கல் பெரும்பாலும் எடுப்பில் வரும். பல கிருதிகள் தாளத்தின் முதல் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கும். பாட்டு தொடங்கும் இடமே தாளம் தொடங்கும் இடம் என்று எடுத்துக்கொண்டவருக்குக் கடைசிவரை எதுவும் பொருந்தாது. மேடையில் பாடகரின் கை தெரியும் இருக்கையே பழகுகிறவருக்கு உரிய இருக்கை. முன்வரிசையில் தொடை அதிரத் தாளம் போடும் ரசிகரைப் பின்பற்றுவதில் ஆபத்து உண்டு. அவர் தவறாகப் போட்டாலும் உறுதியாகவே போடுவார்.

அடுத்த படி, ஒரே உருப்படியைப் பலர் பாடக் கேட்பது. ஆபேரி ராகத்தில் ‘நகுமோமு’ இதற்கு வாகானது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்காக எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரத்தில் ஒலித்ததும் பாலமுரளிகிருஷ்ணா பாடியதும் எளிதில் கிடைக்கின்றன. இப்படிக் கேட்கும்போதுதான் சொந்த விருப்பு வெறுப்பு உருவாகிறது. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் பிருகாக்கள் ஒருவரைக் கவரும். மதுரை மணி ஐயரின் ஸ்வரம் இன்னொருவரை. எம்.டி. ராமநாதனின் சௌக்க காலமும் கனத்த குரலும் புதியவருக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. அதை ஒளிக்கத் தேவையில்லை, பிடித்ததுபோலத் தலையாட்டவும் தேவையில்லை. வேகத்தில் மட்டும் மயங்கிய காது நிதானமடைந்த பிறகு அவரிடம் திரும்பி வந்து, அங்கேயே தங்கிவிட்டவர்கள் ரசிகர்களிடையே நிறைய. பழைய ஒலிப்பதிவுகளின் இரைச்சலும் அப்படித்தான். கொஞ்சநேரம் பொறுத்தால் காது அதைத் தானே ஒதுக்கிவிடும்.

இவ்வளவும் ஓரளவு பழகிய பிறகு நேர்க் கச்சேரிக்குப் போகலாம். இன்றைய கச்சேரியின் அமைப்புப் பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்தியது: தொடக்கத்தில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கிருதிகள், நடுவில் ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம், தனி ஆவர்த்தனம் கொண்ட பிரதான உருப்படி, இறுதியில் துக்கடாக்கள், மங்களம். தாமதமாகப் போனால் வர்ணம் தவறும். பழகுகிறவருக்கு அது உண்மையான இழப்பு, ஏனெனில் ராகத்தின் முக்கியமான பிரயோகங்களையெல்லாம் சுருக்கமாக அடக்கி வைத்திருப்பது வர்ணம்தான். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தைப் பலர் ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தின் வழியாக ஏற்கெனவே அறிந்திருப்பார்கள்.

மார்கழியில் சென்னையில் ஒரே நாளில் பல சபாக்களில் கச்சேரி நடக்கும். எல்லாவற்றுக்கும் ஓடுகிறவர் கடைசியில் நினைவில் வைத்திருப்பது போக்குவரத்து நெரிசலையும் கேன்டீன் அடைதோசையையும்தான். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மாலை நட்சத்திரங்களுக்குச் சீட்டு கிடைக்கவில்லை என்றால் நஷ்டமில்லை. பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவு, விரும்பிய இடத்தில் உட்காரலாம்.

ஆலாபனை தொடங்கியதும் ராகத்தின் பெயரைத் தேடுவது வீண் முயற்சி. எந்தப் பாட்டை நினைவூட்டுகிறது என்று பார்த்தால் போதும். பாட்டு அகப்பட்டால் ராகம் தானே வரும். அகப்படாவிட்டால் வயலின் வாசிப்பவர் தன் முறை வரும்போது அதே ராகத்தை மறுபடி விரிப்பார், அப்போது இன்னொரு வாய்ப்பு உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் எழுந்துபோவது பழைய நோய். பழகுகிறவர் உட்கார்ந்து கையில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருப்பது நல்லது. பாடகரின் குரலும் ராகமும் விலகி நிற்பதால், தாளத்தை மட்டும் கேட்க மாலையில் கிடைக்கும் ஒரே நேரம் அது. ராகம் தானம் பல்லவி வரும் நாளில் பல்லவியின் ஒற்றை வரியை மனத்தில் பிடித்துக்கொண்டு, அது தாளத்தின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று பார்த்தால் மற்றவை பிறகு விளங்கும்.

பாடகர்கள் ராகத்தின் பெயரை எப்போதும் அறிவிப்பதில்லை. பாட்டின் முதல் சொல்லைக் கொண்டு ராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அகரவரிசைப்படுத்திய சிறு புத்தகங்கள் உண்டு. சீசனில் அரங்கில் பலர் மடியில் அவற்றைப் பார்க்கலாம். அவற்றைப் பாட்டு நடக்கும்போது புரட்டாமல், ஒவ்வொரு உருப்படியின் முதல் சொல்லையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தான் ஊகித்த ராகத்தையும் பக்கத்தில் எழுதி, கச்சேரி முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தவறான ஊகங்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவை தர்பாரும் நாயகியும் போல ஒட்டிப்பிறந்த ராகங்களாகவே இருக்கும். அந்த ஜோடியே அடுத்த சில வாரங்களுக்குக் கேட்க வேண்டியதைத் தீர்மானித்துவிடும்.