உறவினருக்குச் செய்தி சொல்வதும் ஓர் அமலே

 

தொழுகை, நோன்பு, ஜகாத்து, ஹஜ்ஜு ஆகியவற்றின் சட்டங்களை நாம் அடிக்கடி பேசுகிறோம், கேட்கிறோம். ஆனால் ஐவேளை தொழுதும், பெற்ற தம்பியின் வீட்டு வாசலை வருடக் கணக்கில் மிதிக்காதவர்கள் நம்மிடையே இல்லையா? 'ஸிலத்துர் ரஹிம்' எனப்படும் உறவைச் சேர்த்து வாழும் கடமையை நம்மில் பலர் கல்யாணப் பந்தியோடும் பெருநாள் காசோடும் முடித்துக் கொள்கிறோம். பந்தி வருடத்திற்கு ஒருமுறை, பெருநாள் இருமுறை. மீதி நாட்களில் உறவு எதனால் உயிர் வாழ்கிறது? அன்றாடச் செய்திகளால்தான். 'பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது', 'முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது', 'நேற்று ரயிலைத் தவற விட்டுவிட்டு விடியவிடிய நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்' என்ற சின்னஞ்சிறு பேச்சுக்களே உறவைக் கட்டி வைத்திருக்கின்றன. இம்மாதம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

மார்க்கம் சொல்வது என்ன?

'ரஹிம்' என்ற அரபுச் சொல்லுக்குக் கருவறை என்பது பொருள். ஒரு கருவறை வழியே வந்த பந்தத்தைப் பேண வேண்டுமென்று திருமறையின் 4ஆவது அத்தியாயமான அந்நிஸாவின் முதல் வசனத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகிறான். தன்னை அஞ்சும்படிச் சொன்ன அதே வசனத்தில் உறவையும் சேர்த்துச் சொல்கிறான் என்றால் அதன் தரத்தை நாம் உணர வேண்டும். தம் ரிஸ்கு விசாலமாக வேண்டும், ஆயுள் நீள வேண்டும் என்று விரும்புகிறவர் உறவைச் சேர்த்து வாழட்டும் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. 'அவர்கள் வந்தால் நாமும் போவோம்' என்று கணக்குப் பார்ப்பவர் உண்மையில் உறவைச் சேர்ப்பவர் அல்லர். அறுத்தவரோடும் சேர்ந்து கொள்பவரே சேர்ப்பவர் என்பதும் புகாரியில் வந்துள்ள கருத்தாகும். ஆகவே, 'அவர் நமக்குப் போன் செய்வதில்லை. நாம் ஏன் செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு மார்க்கத்தில் இடமில்லை.

நபிகளாரின் நடைமுறை

ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியபோது நபியவர்கள் நடுங்கியவாறு வந்து நடந்ததை முழுவதும் சொன்னது யாரிடம்? தம் மனைவி அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம். அன்னையவர்கள் அச்செய்தியை ஊருக்குச் சொல்லவில்லை. தம் தந்தையின் சகோதரர் மகனான வரக்கா இப்னு நவ்ஃபலிடம் கணவரை அழைத்துச் சென்றார்கள். உலகையே மாற்றிய அந்தச் செய்தி முதலில் குடும்பத்திற்குள்தான் பேசப்பட்டது.

பெரிய செய்திதான் என்றில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுக் குருவி வைத்து விளையாடுவார். அவ்வீட்டுக்கு வரும்போது நபியவர்கள் அந்தப் பிள்ளையிடம் குருவியின் சேதியைக் கேட்பார்கள். ஓர் உம்மத்தையே சுமந்து நின்ற பெருமானாருக்கு ஒரு பிள்ளையின் குருவியை விசாரிக்க நேரமிருந்தது! நமக்கோ அக்காள் மகனின் பரீட்சை எப்படியிருந்தது என்று கேட்க நேரமில்லை.

பதினொரு பெண்கள் கூடித் தங்கள் கணவன்மாரைப் பற்றிப் பேசிய நீண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். 'உம்மு ஸர்உ' ஹதீஸ் என்பது அதுவே. பிரயாணத்தில் கணவரோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஒருமுறை தாம் வென்றதையும், பின்னொரு முறை தோற்றதையும் அன்னையவர்களே சொல்லியிருக்கிறார்கள். அன்னையவர்களிடமிருந்து மிக அதிகமாக அறிவித்தவர்களில் இருவர் யாரென்று பாருங்கள். ஒருவர் உர்வா, அன்னையின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன். மற்றவர் காஸிம், அன்னையின் சகோதரர் மகன். சாச்சியும் மாமியும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்ன வீட்டுச் செய்திகள் இன்று நமக்கு மார்க்க இல்மாக நிற்கின்றன.

நம் முன்னோரின் கடிதங்கள்

நம் கடற்கரை ஊர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்கும், ரங்கூனுக்கும், பினாங்குக்கும், சிங்கப்பூருக்கும் 'சபர்' போனவர்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் வளைகுடா நாடுகள் அந்த வரிசையில் சேர்ந்தன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் தமிழெழுத்துப் படிக்காத பெண்மணிகள் அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள். மொழி தமிழ்; எழுத்து அரபு. ஸலாமில் தொடங்கி, யார் யாருக்கு ஸலாம் சொல்ல வேண்டுமென்று பெயர் பெயராக அடுக்கி, ஆடு குட்டி போட்டது முதல் அடுத்த வீட்டு நிக்காஹ் வரை எழுதுவார்கள். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. பிள்ளையின் மழலையும் உம்மாவின் அழுகையும் கேசட்டில் பதிவாகி, ஊருக்குப் போகிறவர் கையில் கடல் கடந்தன.

அன்று செய்தி வர வாரங்கள் ஆயின. இன்று விநாடியில் வருகிறது. தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் என்ன நடந்திருக்கிறது? குடும்பத்திற்கென்று கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் காலை முதல் இரவு வரை எங்கிருந்தோ வந்த பயான்களும் படங்களும் வைத்தியக் குறிப்புகளும். அதே குழுவில் இருக்கும் சாச்சாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது! ஊரார் செய்தி நிறைகிறது. உறவின் செய்தி இல்லை.

நாம் செய்த பிழை

பிறருக்குச் சொல்லுமுன் நம் பிழையையும் சொல்ல வேண்டும். நம் வாப்பாவின் சகோதரியான மாமி ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். வாப்பா இருந்தவரை வெளிநாட்டுக் கடிதம் எது வந்தாலும் அந்த வீட்டில் போய் வாசிக்கப்படும். வாப்பா மவுத்தான பின் அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். நம் மகன் வேலைக்காக வெளிநாடு புறப்பட்டபோது அலைச்சலில் மாமியிடம் சொல்லவில்லை. பால்காரர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து நாம் போனபோது அவர்கள் சண்டை போடவில்லை. "பிள்ளை போனது சந்தோசம் வாப்பா. அதைப் பால்காரர் வாயாலே கேட்கும்படி ஆயிட்டுதே" என்றார்கள். அந்த ஒரு சொல் நம்மை உலுக்கிவிட்டது. அதன்பின் ஜும்ஆ முடிந்ததும் மாமியின் வீட்டுக்குப் போய்க் கால்மணி நேரம் இருப்பதை வழக்கமாக்கிக் கொண்டோம். அவர்களுக்குக் காசு வேண்டியிருக்கவில்லை, பலகாரம் வேண்டியிருக்கவில்லை. மகன் அங்கே முதன்முதலாகத் தானே சோறாக்கிக் குழைத்துவிட்ட கதையை மூன்று வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள் மவுத்தாகும் வரை நமக்குக் கிடைத்தவை எட்டு மாதங்களே. வீணாக்கிய வருடங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எதைச் சொல்லக் கூடாது?

செய்தி சொல்வது அமல் என்றால் அதற்கும் எல்லை உண்டு. யூசுஃப் (அலை) அவர்கள் கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்ல வேண்டாமென்று தந்தை யஃகூப் (அலை) அவர்கள் தடுத்ததைத் திருமறை கூறுகிறது. பொறாமை கிளம்பும் இடத்தில் நம் பாக்கியங்களைக் கடை விரிக்கலாகாது. சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமான காரணத்தைத் தாயார் கேட்டபோது அது இரகசியம் என்றார் பிள்ளை. தாயாரோ அதைத் துருவவில்லை. நபியின் இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று உறுதிப்படுத்தினார்கள்.

கணவன் மனைவியின் அந்தரங்கம், ஒருவர் நம்பிச் சொன்ன கடன், பேசி முடியாத சம்பந்தம் ஆகியவை அமானிதங்கள். இல்லாதவரின் குறையைப் பேசினால் அது புறம். மாமியார் சொன்னதை மருமகளிடமும், மருமகள் சொன்னதை மாமியாரிடமும் கொண்டு போவது கோள். அங்கே உறவைச் சேர்க்க வேண்டிய நாவே அதை அறுக்கும் கத்தியாகிறது. காதில் விழுந்ததை விசாரியாமல் பரப்புவதும் பாவமே. 49ஆவது அத்தியாயம் இதை எச்சரிக்கிறது.

துக்கச் செய்தி

உம்மு சுலைம் (ரலி) அவர்களின் குழந்தை இறந்தபோது கணவர் அபூதல்ஹா (ரலி) வெளியே போயிருந்தார். அவர் வந்ததும் அன்னையார் திடுக்கிடச் செய்யவில்லை. உணவு பரிமாறி, பின்னர் இரவல் பொருளை உரியவர் திருப்பிக் கேட்டால் கொடுக்க மறுக்கலாமா என்று கேட்டு, அதன் பிறகே விஷயத்தை உணர்த்தினார்கள். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது அந்த வீட்டாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்படி நபியவர்கள் ஏவினார்கள். துக்கச் செய்தியைச் சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை என்பது இதில் பாடம். தனியே இருக்கும் முதியவருக்குக் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் போவது எவ்வளவு கொடுமை!

நாம் செய்ய வேண்டியவை

ஒரு தாளில் உறவினர் பெயர்களை எழுதுவோம். நாம் கடைசியாக எப்போது பேசினோம் என்று எதிரே குறிப்போம். மிக நாளாகிப் போனவரையே முதலில் அழைப்போம். நம் கதையைச் சொல்லுமுன் அவர் கதையைக் கேட்போம். நல்ல செய்தியை வயதில் மூத்தவருக்கு முதலில் சொல்வோம். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, "உம்மம்மாவிடம் இன்று பள்ளியில் நடந்ததைச் சொல்லு" என்று பழக்குவோம். ஒருவர் ஏசினாலும், எடுக்காவிட்டாலும், மறுவாரமும் அழைப்போம். கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்திருக்கும். பக்கத்தைப் புரட்டுமுன் அவருக்கு ஸலாம் சொல்லுங்கள்.

அறுந்த உறவுகளைச் சேர்க்கும் தௌபீக்கை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.