ஐந்து டாலர் வேலையைத் தாண்டுவது எப்படி?

ஊத்துக்குளி, விஜயமங்கலம், பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து ஆலோசனை கேட்டு வரும் டிசைனர்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பகலில் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிளிங் பிரிவிலோ, பிரிண்டிங் யூனிட்டிலோ வேலை. இரவில் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் ஃப்ரீலான்ஸ். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வருவதெல்லாம் ஐந்து, பத்து டாலர் வேலை. அதிலும் நாலு முறை திருத்தம் கேட்பார்கள். ‘நல்ல காசு தருகிற கிளையன்ட் எல்லாம் எங்கே போகிறார்கள்?’ என்று கேட்கிறார்கள்.

அவர்களும் அதே தளத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் புரொஃபைலைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஏன் போகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

‘கிராபிக் டிசைனர்: லோகோ, ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு, டி-சர்ட், போட்டோ எடிட்டிங்’ என்று புரொஃபைலின் தலைப்பில் எழுதிவைத்திருக்கிறீர்கள். இதே வரியை மணிலாவிலும் டாக்காவிலும் லாகூரிலும் எத்தனையோ பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு உங்களுக்கும் அவர்களுக்கும் விலையில் மட்டுமே வித்தியாசம் தெரியும். வெண்ணெய் எங்கும் கிடைத்தாலும், ‘ஊத்துக்குளி வெண்ணெய்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். உங்கள் புரொஃபைலில் அப்படிப் பெயர் சொல்லிக் கேட்கும்படி எதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் உங்களிடம் இருக்கும் சரக்கு சாதாரணமானதல்ல. 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரின் தொழிலறிவு அது. சிங்கிள் ஜெர்சி துணி துவைத்தால் எந்தப் பக்கம் முறுக்கும், மெல்லிய துணியில் கனமான பிரிண்ட் அடித்தால் என்ன ஆகும், கழுத்து ரிப் தளர்ந்துபோனால் பையர் ஏன் சாம்பிளைத் திருப்பி அனுப்புகிறார் என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். மெல்போர்னிலோ மான்செஸ்டரிலோ வீட்டிலிருந்தபடி குழந்தைகள் ஆடை பிராண்ட் நடத்துகிற ஒருவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவருக்கு ஒரே பயம், தயாரிப்பாளர் தப்பான சாம்பிளை அனுப்பிவிடுவாரோ என்பது. ஒரு சாம்பிள் தப்பானால் கூரியர் செலவோடு சில வாரங்களும் போய், சீசனே தள்ளிப்போகும். அந்தப் பயத்தைப் போக்குகிறவருக்கு அவர் தாராளமாகவே தருவார். அழகான படம் மட்டும் வேண்டுமென்றால் அவருக்கு இப்போது ஏஐ கருவியே போதும்.

சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்கச் சில அறிகுறிகள் உண்டு. ஃபைவரில் உங்கள் கிக் (நீங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் சேவை) எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், எத்தனை ஆர்டர் வந்தது என்ற மூன்று கணக்கும் தெரியும். கண்ணில் பட்டும் யாரும் திறக்கவில்லை என்றால் தலைப்பும் முகப்புப் படமும் சரியில்லை. திறந்தும் ஆர்டர் வரவில்லை என்றால் மாதிரி வேலைகள் நம்பிக்கை தரவில்லை. பேச்சுவார்த்தை வரை வந்து விலையில் நின்றுபோனால், உங்களிடம் வருகிற ஆளே வேறு என்று பொருள். ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு யாரும் இரண்டாம் முறை வரவில்லை என்றால், நீங்கள் செய்து கொடுத்தது ஒருமுறை மட்டும் தேவைப்படுகிற வேலை.

முதலில் தலைப்பை மாற்றுங்கள். ‘பின்னலாடை டெக் பேக் மற்றும் பிரிண்டுக்குத் தயாரான ஆர்ட்வொர்க்’ என்ற அளவுக்குக் குறுக்குங்கள். டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல், லேபிள், பேக்கிங் விவரம் அனைத்தையும் தயாரிப்பாளருக்குச் சொல்லும் ஆவணம்) என்ற சொல்லைத் தேடி வருகிறவர் ஏற்கெனவே தயாரிப்பில் இறங்கியவர், கையில் பட்ஜெட் வைத்திருப்பவர். தலைப்பைக் குறுக்கினால் வேலை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். குறைவது ஐந்து டாலர் வேலைதான்.

அடுத்தது மாதிரி வேலைகள். முப்பது படங்களைக் குவித்துவைப்பதைவிட மூன்று முழுமையான வேலைகள் போதும். முதலாவது, நீங்களே யோசித்து உருவாக்கிய ஒரு போலோ டி-சர்ட்டின் முழு டெக் பேக். முன்பின் வரைபடம், அளவுப் பட்டியல், ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸ், துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பக்கவாட்டுத் தையலுக்கு 504 ஓவர்லாக், கீழ் மடிப்புக்கு 406 என்பதுபோலத் தையல் எண்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். பன்னாட்டுத் தர எண்களைப் பார்த்ததுமே, விவரம் தெரிந்த கிளையன்ட்டுக்கு நீங்கள் தொழிலுக்குள் இருப்பவர் என்பது புரிந்துவிடும்.

இரண்டாவது, நெஞ்சுப் பகுதியில் அடிக்கும் பிரிண்ட். முடிந்த படத்தோடு கலர் செபரேஷனையும் (ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் எடுக்கும்படி பிரித்த கோப்பு) பக்கத்தில் வையுங்கள். எட்டு நிறத்தில் இருந்ததை ஐந்தாகக் குறைத்தேன், மூன்று ஸ்கிரீன் மிச்சம் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது, துணி முழுக்க ஓடும் ஆல்-ஓவர் பிரிண்ட். ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு பொதுவாக 64 சென்டிமீட்டர். அதனால் ரீபீட் (டிசைன் திரும்ப வரும் இடைவெளி) 64, 32, 16 என மிச்சமின்றி வகுபட வேண்டும். இது தெரியாமல் 50 சென்டிமீட்டரில் போட்டு அனுப்புகிற டிசைனர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நிறங்களையும் துணிக்குரிய பான்டோன் டிசிஎக்ஸ் எண்ணில் குறிப்பிடுங்கள். காகிதத்துக்குரிய எண்ணைத் துணிக்குக் கொடுத்தால் டையிங்கில் தகராறு வரும். முடிந்தால் தெரிந்த பிரிண்டரிடம் ஒரே ஒரு பீஸ் அடித்துப் படமெடுத்துப் போடுங்கள். திரையில் மட்டும் இருக்கும் படத்தைவிடத் துணியில் இருக்கும் படத்துக்கு மதிப்பு அதிகம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கம்பெனியில் பையருக்காகச் செய்த ஆர்ட்வொர்க்கை உங்கள் மாதிரியாக ஏற்றாதீர்கள். அது உங்கள் கையால் வரைந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் உரிமை உங்களுடையதல்ல, கடைக்கு வராத சீசனின் டிசைனாகவும் இருக்கலாம். பையர் கண்ணில் பட்டால் கம்பெனியின் ஆர்டருக்கும் உங்கள் வேலைக்கும் சேர்ந்து ஆபத்து. விவரமான கிளையன்ட் அதைப் பார்த்தால், நாளைக்கு நம் டிசைனையும் இவர் இப்படித்தான் வெளியில் காட்டுவார் என்றே நினைப்பார். வேலை நியமனக் கடிதத்தில் வெளிவேலை செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி விண்ணப்பம். அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் (விண்ணப்பிப்பதற்கான டோக்கன்) செலவாகும். ஒன்றின் விலை 15 அமெரிக்க சென்ட். ஒரு வேலைக்கே பல கனெக்ட்ஸ் தேவைப்படும். ஆகவே ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண்செலவு. உதாரணத்துக்கு, இரண்டு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கான ஹூடிக்கு டெக் பேக் வேண்டும் என்று ஒருவர் படத்தோடு கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஐந்து ஆண்டு அனுபவம் உண்டு’ என்று தொடங்கும் கடிதத்தை அவர் முழுசாகப் படிக்கமாட்டார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘உங்கள் படத்தில் ஹூடில் கயிறு இருக்கிறது. ஐரோப்பாவில் விற்பதாக இருந்தால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறு வைக்க ஈஎன் 14682 தரவிதி இடம் தருவதில்லை. கயிறில்லாத ஓவர்லேப் ஹூடாக மாற்றித் தரலாம். துணி ஃப்ளீஸா, லூப் நிட்டா என்று முடிவு செய்துவிட்டீர்களா?’ நாலே வரிதான். அவருக்குப் பின்னால் வந்திருக்கக்கூடிய பெரிய நஷ்டத்தைக் காட்டிவிட்டீர்கள், பதில் சொல்ல ஒரு கேள்வியும் கொடுத்துவிட்டீர்கள். இதற்குப் பிறகு உங்கள் அனுபவ ஆண்டுகளை யாரும் கேட்கமாட்டார்கள்.

நேரமும் முக்கியம். இந்திய நேரம் மாலை ஏழு மணி என்றால் கோடையில் நியூயார்க்கில் காலை ஒன்பதரை. கம்பெனி முடிந்து ஊத்துக்குளிக்குத் திரும்பும் பயணத்திலேயே செய்திகளுக்குப் பதில் போட்டுவிடலாம்.

விலையை அக்கம்பக்கத்தைப் பார்த்து வைக்காதீர்கள், கணக்குப் போட்டு வையுங்கள். மாதம் 45,000 ரூபாய் கையில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலை தேடுவது, பேசுவது போக, காசு வாங்கும் வேலைக்கு மாதம் 80 மணி நேரம் கிடைத்தால், மணிக்கு சுமார் 560 ரூபாய் வருகிறது. ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க்கில் ஒப்பந்தத்தைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகும். டாலர் மாற்றும் இழப்பு, சாஃப்ட்வேர் சந்தா எல்லாம் சேர்த்தால் மணிக்கு 750 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு டெக் பேக்குக்கு ஆறு மணி நேரம் ஆனால் 4,500 ரூபாய், அதாவது ஏறத்தாழ 50 டாலர். இது உங்கள் அடிமட்ட விலை. பழகிய பிறகு ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். திருத்தம் இரண்டு முறை மட்டும், அதற்கு மேல் தனிக்கட்டணம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கிளையன்ட்டையும் நீங்கள் பரிசோதிக்க வேண்டும். அவருடைய பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதா, இதுவரை எவ்வளவு செலவிட்டிருக்கிறார், முன்பு வேலை செய்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அப்வொர்க்கே காட்டுகிறது. மொத்த விலை பேசிய வேலையில், பணம் எஸ்க்ரோவில் (தளம் இடைத்தரகராக வைத்திருக்கும் வைப்பு) வந்து சேரும் முன் கோப்பைத் தொடாதீர்கள். வேலையை ஒப்படைத்ததும் பணம் உடனே கைக்கு வராது. அப்வொர்க்கில் கிளையன்ட் பார்த்து ஒப்புக்கொள்ள 14 நாள் அவகாசம் உண்டு, பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. ஃபைவரில் பெரும்பாலோருக்கு ஆர்டர் முடிந்த பின் 14 நாள். ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று இந்த நாட்களில் பதறிக் கிளையன்ட்டுக்குக் கோபமாக எழுதியே நல்ல உறவைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பொறுத்திருங்கள்.

டிசைனின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது கொள்ளப்படும். தளத்தின் ஒப்பந்த விதிகள் பெரும்பாலும் முழு உரிமையையும் கிளையன்ட்டுக்கே கொடுத்துவிடும். முழு உரிமைக்கு ஒரு விலை, ஒரு சீசன் பயன்பாட்டுக்கு ஒரு விலை என்று வைக்க நினைத்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது, வீட்டில் ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி ஒருவருக்கொருவர் ஆர்டர் போட்டுக்கொள்வது, வெளிநாட்டுக்காரருக்குக் கணக்கை ‘வாடகைக்கு’ விடுவது ஆகியவை எல்லாம் கணக்கு மூடப்படுவதில்தான் முடியும். வாடகைக்கு விட்ட கணக்கில் யாராவது மோசடி செய்தால் விசாரணைக்கு வருவது உங்கள் பெயர்தான். தளத்தில் சந்தித்த கிளையன்ட்டைக் கமிஷன் மிச்சம் என்று வெளியே அழைத்துப் போவதும் தவறு. அப்வொர்க்கில் இதற்கு இரண்டு ஆண்டுக்குத் தடை உண்டு. பேசத் தொடங்கியதுமே டெலிகிராமுக்கு வரச் சொல்கிறவர், பதிவுக் கட்டணம் கேட்கிறவர், முன்பணம் கட்டினால் பெரிய புராஜெக்ட் என்கிறவர், இவர்கள் யாரும் கிளையன்ட் அல்லர். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஒரே மாதத்தில் லட்சம் சம்பாதிக்கச் சொல்லித்தருகிறேன் என்று பயிற்சிக் கட்டணம் கேட்பவர், உங்கள் கட்டணத்தில்தான் அந்த லட்சத்தைச் சம்பாதிக்கிறார்.

வரிக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ரீலான்ஸ் வருமானம் தொழில் வருமானமாகக் கருதப்படும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி ரசீதை (அந்நியச் செலாவணி வரவுச் சான்று) சேமித்து வையுங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். வெளிநாட்டுச் சேவைக்கு வரி பூஜ்யம்தான். ஆனாலும் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடமே கேட்டுச் செய்துகொள்ளலாம்.

முதல் ஓரிரு மாதங்களில் ஆர்டர் வராமல் இருப்பது இயல்பு. அதற்காக விலையைப் பாதியாக்கினால் மறுபடியும் பழைய கூட்டத்துக்குள்ளேயே போய்ச் சேர்வீர்கள். தலைப்பை மாற்றி, மூன்று மாதிரிகளை ஏற்றி, வாரத்துக்கு நாலைந்து வேலைக்கு மட்டும் கவனமாக எழுதுங்கள். ஒரே கிளையன்ட் மூன்றாம் முறை திரும்பி வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ஆனால் கையில் ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் பணம் சேராமல், தொடர்ந்து வேலை தரும் கிளையன்ட் இருவராவது இல்லாமல், கம்பெனி வேலையை விடாதீர்கள்.