டிரைவர் எழுதும்போது திரும்பும் வழியைப் பாருங்கள்

சாதாரண அப்ளிகேஷன் பாதியில் நின்றால், அது பிடித்திருந்த மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கிக்கொள்ளும். கர்னலுக்குள் ஓடும் டிரைவருக்கு அந்தக் கவசம் இல்லை. அது விடாமல் போன மெமரி, மெஷினை மறுபடி பூட் செய்யும்வரை வீண்தான்.

அதனால் புதியவர்களின் கோடை வாங்கியதும் நான் முதலில் திறப்பது புரோப் ஃபங்ஷனைத்தான். சாதனம் கண்டுபிடிக்கப்பட்டதும் ஓடுவது அது. முதலில் பஃபருக்கு மெமரி, அடுத்து கிளாக், கடைசியில் இன்டர்ரப்ட் என்று வாங்குகிறீர்கள். இன்டர்ரப்ட் கிடைக்கவில்லை. இப்போது கிளாக்கை நிறுத்தி, பிறகு பஃபரை விடுவித்து, பிழை எண்ணைத் திருப்பித் தர வேண்டும். வாங்கிய வரிசைக்கு நேர் தலைகீழ் வரிசை.

இதற்கு லினக்ஸ் கர்னலின் நடை விதிகளே கோட்டூவைப் பரிந்துரைக்கின்றன. கல்லூரியில் அதைத் தொடாதே என்று படித்திருப்பீர்கள்; இங்கே தயங்காதீர்கள். லேபிளுக்கு ‘எர்ர்1’, ‘எர்ர்2’ என்று எண் வைக்காதீர்கள். நடுவில் ஒரு படி சேர்த்தால் எல்லா எண்ணும் குழம்பும். ‘ஃப்ரீ_பஃபர்’ என்று, அங்கே நடக்கும் வேலையையே பெயராக வையுங்கள்.

‘டெவ்எம்’ என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் தாமாகவே விடுவிக்கும், நல்ல வசதி. ஆனால் இன்டர்ரப்டை டெவ்எம்மில் வாங்கிவிட்டு, பஃபரை மட்டும், சாதனம் நீங்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் கையால் விடுவிக்கக் கூடாது. ரிமூவ் முடிந்த பிறகுதான் இன்டர்ரப்ட் போகும். அந்த இடைவெளியில் ஒரு இன்டர்ரப்ட் வந்தால் ஹேண்ட்லர், இல்லாத பஃபரைத் தொடும். இந்தப் பிழையைத் தேடுவது பெரும்பாடு.

மற்றவை எளிது. டேப் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் ஃபங்ஷனைப் பிரித்து எழுதுங்கள். வரி 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது. இந்த நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் 2020 முதல் 100-ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கிறது. அனுப்பும் முன் அதை ஓட்டிப் பாருங்கள், ஆனால் அது குறை சொல்லவில்லை என்பதால் கோட் சரி என்று நம்பிவிடாதீர்கள். விடுவிக்கும் வரிசை தவறினால் அதற்குத் தெரியாது. நடைத் திருத்தத்தையும் பிழைத் திருத்தத்தையும் ஒரே பேட்சில் கலக்காதீர்கள். படிப்பவருக்கு எது எதற்கு என்று புரியாது.

பழக இடம் தேடுகிறீர்களா? கர்னல் மூலநிரலில் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஸ்டேஜிங் இருக்கிறது. அங்கே டிரைவர்களோடு, மீதமுள்ள வேலைகளைச் சொல்லும் டுடூ கோப்பையும் பார்க்கலாம். ஒரு டிரைவரைத் திறந்து, அதன் புரோப் ஃபங்ஷனை இன்றே கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.