யுத்தத்தின் பாக்கி

சிரஞ்சீவி மாதவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வியட்நாம் யுத்தம் எப்போது முடிந்தது என்ற கேள்விக்குப் பரீட்சைத் தாளில் எழுத வேண்டிய விடை ஒரே வரிதான். 1975-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி, வடவியட்நாமின் டாங்கிகள் சைகோன் நகரத்து ஜனாதிபதி மாளிகையின் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த அன்று முடிந்தது என்று எழுது, மதிப்பெண் குறையாது. ஆனால் அந்த வரியோடு நீயும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தேன். சர்க்கார்கள் யுத்தத்தை முடித்துக்கொள்ளும் தேதி ஒன்று. அதில் அகப்பட்ட மனிதர்களுக்கும், அவர்கள் உழுத நிலத்துக்கும், அவர்களுக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளுக்கும் அது முடியும் தேதி வேறொன்று. இரண்டாவது தேதியைச் சரித்திரப் புத்தகங்கள் அநேகமாக அச்சிடுவதில்லை.

பூர்வ கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வியட்நாமை ஆண்டுவந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் தியன் பியன் பூவில் தோற்று வெளியேறினார்கள்; ஜெனீவாவில் கூடிய வல்லரசுகள் 17-ஆவது அட்சரேகையை ஒட்டி வடக்கு, தெற்கு என்று தற்காலிகமாக ஒரு கோடு கிழித்தன; அந்த ஏற்பாட்டை மேற்பார்க்க அமைந்த சர்வதேசக் கமிஷனுக்கு நம் இந்தியாவே தலைமை வகித்தது; நாட்டை ஒன்றாக்க 1956-இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவே இல்லை. 1965 மார்ச் மாதத்தில் தென்வியட்நாமுக்குத் துணையாக அமெரிக்க மரைன் படை வீரர்கள் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். நான்கே வருஷங்களில் அவர்களுடைய ராணுவத்தினர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. சண்டை ஓயாத குடும்பத்துக்கு ‘வியட்நாம் வீடு’ என்று பெயர் சூட்டி நம்மூரில் நாடகமும் சினிமாவும் வந்த காலம் அது. தூரத்து நெருப்பை வேடிக்கை பார்ப்பது எல்லா தேசத்தாருக்கும் உள்ள வழக்கந்தானே.

முதலில் அமெரிக்கச் சிப்பாயை எடுத்துக்கொள். பெரும்பாலும் அவன் இருபது வயதை ஒட்டிய வாலிபன். பணக்காரர் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போட வழியிருந்தபடியால், ஏழைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுமே அதிகமாய்ப் போனார்கள். ஒரு வருஷம் போர்முனையில் இருந்தால் போதும், வீடு திரும்பலாம் என்பது ஏற்பாடு. பார்ப்பதற்கு இது தயை மிகுந்த ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொருவனும் தனித்தனியே வந்து தனித்தனியே திரும்பினபடியால், கூட இருந்து சண்டையிட்டவர்களோடு பேசி அழுது ஆறுதலடைய அவனுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துச் சிப்பாய்கள் கப்பலில் வாரக்கணக்காய்ச் சேர்ந்து பிரயாணம் செய்து ஊர் திரும்பினார்கள்; இவனோ நேற்றுக் காட்டில் கண்ணிவெடிக்குப் பயந்து அடிவைத்தவன், விமானம் ஏறி, இரண்டொரு நாளில் தாயாரின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். ஊரில் அவனை வரவேற்பாரும் இல்லை. என்ன நடந்தது என்று கேட்பாரும் இல்லை.

இரவில் அலறி எழுந்திருப்பது, பட்டாசுச் சப்தம் கேட்டால் தரையில் விழுந்து படுப்பது, மனைவி மக்களிடம் மனம் ஒட்டாமல் மரத்துப்போவது, குடியில் அமிழ்வது முதலிய உபாதைகளோடு ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பியபோது, அவர்களுக்கு ஏற்பட்ட நோய் இன்னதென்று வைத்தியப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை. 1970-ஐ ஒட்டி நியூயார்க் நகரத்தில் அச்சிப்பாய்கள் தாங்களே வட்டமாய் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாடன் என்ற இரண்டு மனநல வைத்தியர்கள் அந்தக் கூட்டங்களில் கலந்துகொண்டு கேட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய வாதப்பிரதிவாதங்களின் பலனாக 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி. என்று இன்று நாம் சொல்லும் நோயைத் தன் கையேட்டில் சேர்த்தது. பிறகு அமெரிக்க சர்க்கார் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றில், வியட்நாம் சென்று வந்த ஆண்களில் 100-க்குச் சுமார் 30 பேர் வாழ்நாளில் என்றேனும் இந்நோய்க்கு ஆளானவர்கள் என்றும், யுத்தம் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் 15 பேர் அதிலிருந்து மீளவில்லை என்றும் கண்டார்கள். பிற்காலத்தில் இந்த எண்களைக் குறைத்துக் கணக்கிட்டவர்களும் உண்டு. குறைத்த கணக்கும் லட்சக்கணக்கில்தான் நிற்கிறது.

சிப்பாயின் மனம் நோவது தான் பட்ட அடியால் மட்டும் அல்ல. தான் செய்ததாலும், செய்யக் கண்டு சும்மா இருந்ததாலுந்தான். 1968 மார்ச் 16-ஆம் தேதி காலையில் குவாங் ஙாய் மாகாணத்துச் சோன் மி கிராமத்துக்குள் புகுந்த அமெரிக்கப் படையினர், எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லாத இடத்தில், கிழவர்களையும் பெண்களையும் கைக்குழந்தைகளையும் கொன்று குவித்தார்கள். அவ்வூர் நினைவுச் சின்னத்தில் பொறித்துள்ள தொகை 504. மை லாய் என்று உலகம் அறிந்த படுகொலை அதுவே. வானிலிருந்து அதைக் கண்ட ஹியூ தாம்ஸன் என்ற ஹெலிகாப்டர் விமானி, தன் சொந்தப் படைக்கும் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் இடையே ஹெலிகாப்டரை இறக்கி, நம் சிப்பாய்கள் இவர்களைச் சுட வந்தால் அவர்களை நீங்கள் சுடுங்கள் என்று தன் சகாக்களுக்கு உத்தரவிட்டான். நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு அவனுக்கு மெடல் கொடுத்துப் பாராட்ட அவன் தேசத்துக்கு 30 வருஷம் பிடித்தது. அதுவரை அவனுக்குப் பெரும்பாலும் கிடைத்தது துரோகி என்ற வசைதான். தண்டனை பெற்றவன் காலி என்ற லெப்டினன்ட் ஒருவனே. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று, ஆனால் சில வருஷங்களில், அதிலும் பெரும்பகுதியை வீட்டுக் காவலில் கழித்துவிட்டு, வெளியே வந்தான். இதை நியாயம் என்று எந்த தர்ம சாஸ்திரம் ஒப்பும்?

வாஷிங்டனில் 1982-இல் எழுந்த நினைவுச் சுவரைப் படத்தில் பார்த்திருப்பாய். மாயா லின் என்ற கல்லூரி மாணவி வரைந்த அமைப்பு அது. மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்களைப் பதவி வித்தியாசமின்றி, மாண்ட தேதி வரிசையில் கறுப்புக் கிரானைட் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல் நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது. உற்றார் வந்து காகிதத்தைப் பெயரின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் வியட்நாமியர்களின் பெயர்களையும் அதே வகையில் பொறிக்கப் புகுந்தால் சுவர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று யோசி. 1995-இல் ஹனோய் அரசு வெளியிட்ட கணக்குப்படி அவர்கள் பக்கத்துப் போர்வீரர் 11 லட்சம் பேரும், இருபுறத்துக் குடிஜனங்கள் சுமார் 20 லட்சம் பேரும் மாண்டார்கள். தென்வியட்நாம் ராணுவத்தார் இரண்டு லட்சத்துக்கு மேல்.

வடவியட்நாமியச் சிப்பாய்க்கு ஒரு வருஷத் தவணை என்பது கிடையாது. ட்ரூங் சோன் மலைப்பாதையில் மாதக்கணக்காய் நடந்து தெற்கே வந்தவன் ஜயத்தையோ மரணத்தையோ காணும் வரையில் திரும்ப முடியாது. வென்றவனுக்கு மனம் நோகாது என்று நினைத்துவிடாதே. பாவோ நிங் என்ற எழுத்தாளர் தம் பதினேழாம் வயதில் படையில் சேர்ந்தவர். அவருடைய ‘போரின் துயரம்’ என்ற நாவல், வெற்றி பெற்ற தேசத்தின் வீரன் ஒருவன் அமைதிக் காலத்தில் மதுவிலும் கனவிலும் உருக்குலைவதைச் சொன்னபடியால், அவருடைய நாட்டு அதிகாரிகளுக்கே அது ரசிக்கவில்லை. பெண்களின் கதி இன்னும் பரிதாபம். குண்டு விழுந்த பள்ளங்களை மண்வெட்டியால் நிரப்பிப் பாதையைத் திறந்துவைத்த வேலையில் பெரும்பாலும் இளம்பெண் தொண்டர்களே இருந்தார்கள். 1968 ஜூலை 24-ஆம் தேதி டோங் லோக் சந்திப்பில் பத்துப் பெண்கள் ஒரே குண்டுவீச்சில் மாண்டார்கள். உயிரோடு திரும்பியவர்களில் பலர், காட்டு மலேரியாவில் தலைமுடி கொட்டி, உடல் கெட்டு, கலியாண வயது கடந்து ஊர் வந்து சேர்ந்தபோது, அவர்களைக் கொள்ள ஆண்மக்களும் மிச்சமில்லை.

தோற்ற தென்வியட்நாமின் சிப்பாயைப் பற்றிப் பேசுவாரே குறைவு. ‘மறுகல்வி முகாம்’ என்ற சிறையில் சிலர் பத்து வருஷத்துக்கு மேலும் கிடந்தார்கள். சுமார் எட்டு லட்சம் ஜனங்கள் படகேறிக் கடல் தாண்டிப் பிற நாடுகளில் கரை சேர்ந்தார்கள், கரை சேராதவர்களும் அநேகர். சைகோனில் தலைமுறைகளாய் வாழ்ந்த புதுச்சேரித் தமிழர்களும் செட்டியார்களும் அந்த வருஷங்களில் பெரும்பாலும் வெளியேறினார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று ஊதுவத்தி ஏற்றுபவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்களே.

இனி நிலத்துக்கு வருகிறேன். காட்டில் ஒளியும் எதிரிக்கு இலைநிழலும் இருக்கக் கூடாது, சோறும் கிடைக்கக் கூடாது என்று 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென்வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் களைக்கொல்லி மருந்துகளைத் தெளித்தன. மொத்தம் ஏழு கோடி லிட்டருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டது, பீப்பாயில் அடித்த ஆரஞ்சு நிறப் பட்டையால் பெயர் பெற்ற ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. அதைத் தயாரிக்கையில் வேண்டாத உபபொருளாகச் சேர்ந்த டையாக்ஸின் என்ற நஞ்சு, தெளித்த மறுநாளே மறைந்துபோவதல்ல. குளத்துச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதனின் கொழுப்புக்கு, தாயின் உடலிலிருந்து தாய்ப்பாலுக்கு என்று பிரயாணம் செய்யும். காலியான பீப்பாய்களை விஷயம் தெரியாத ஜனங்கள் சிலர் தண்ணீர் பிடித்து வைக்கக் கொண்டு போனார்கள். பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்த டா நாங், பியன் ஹோவா விமான தளங்களில் மண்ணே விஷமாகிவிட்டது.

இங்கே உனக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஊனமாய்ப் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் இந்த மருந்தினால்தான் அப்படிப் பிறந்தது என்று எழுதிவிடாதே. ஒரு குழந்தையைக் காட்டி இதற்கு இதுவே காரணம் என்று நிரூபிப்பது விஞ்ஞானிகளுக்கு இன்றும் கடினமான காரியம். ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்குக் கிடைத்தது என்பதைக் கவனி. அமெரிக்கச் சிப்பாய்கள் ரசாயனக் கம்பெனிகளின் மேல் தொடுத்த வழக்கு 1984-இல் 18 கோடி டாலர் கொடுப்பதாக ராஜியாயிற்று. 1991-இல் வந்த சட்டத்தின் பேரில், வியட்நாமில் சேவை செய்த சிப்பாய்க்குக் குறிப்பிட்ட வியாதிகள் வந்தால், அவன் தனித்து நிரூபிக்க வேண்டியதில்லை, மருந்தினால் வந்ததென்றே கொண்டு உதவித்தொகை தரலாம் என்றாயிற்று. சிப்பாய்களின் பிள்ளைகளில் முதுகெலும்புக் குறையோடு பிறந்தவர்களுக்கும் 1996-இல் உதவி விதித்தார்கள். அதே மருந்தால் துன்புற்றோம் என்று வியட்நாமியர்கள் 2004-இல் நியூயார்க் நியாயஸ்தலத்துக்குப் போனபோது, 1984-இல் ராஜியை முடித்து வைத்த அதே நீதிபதி வைன்ஸ்டைன், 2005-இல் வழக்கைத் தள்ளினார். 2009-இல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. தெளித்த காலத்தில் அது சர்வதேசச் சட்டம் தடுத்த விஷமாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நுணுக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் விமானத்தில் இருந்தவனுக்கு ஊகத்தின் பேரில் உதவியும், விமானத்தின் கீழே இருந்தவனுக்குச் சட்டத்தைக் காட்டி மறுப்பும் என்றால், அதை நீதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டால் நான் பக்ஷபாதியாவேன். டா நாங் தளத்தில் 2012 முதல் 2018 வரை அமெரிக்கப் பணத்தில் பெரிய வேலை நடந்தது: சுமார் 90,000 கன மீட்டர் மண்ணை அள்ளிக் கான்கிரீட் தொட்டியில் அடைத்து, 300 டிகிரிக்கு மேல் காய்ச்சி, நஞ்சைச் சிதைத்தார்கள். பியன் ஹோவாவில் அதைவிடப் பல மடங்கு மண் கிடக்கிறது. அங்கே 2019-இல்தான் வேலை தொடங்கியது.

வெடிக்காத குண்டுகளின் கதை வேறு. குவாங் ட்ரி மாகாணத்தில் மண்வெட்டி ‘டங்’ என்று இரும்பில் பட்டால் உழவன் அப்படியே நின்றுவிடுகிறான். கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறும் சிறு குண்டு கொய்யாக்காய் அளவே இருப்பதால், குழந்தைகள் பந்தென்று எடுத்து எறிந்து விளையாடியதுண்டு. பழைய இரும்பு விற்றுக் காலம் தள்ளிய ஏழைகள் தெரிந்தே அதைத் தோண்டியதும் உண்டு. 1975-க்குப் பின் இப்படி மாண்டவர்கள் சுமார் 40,000 பேர், காயமுற்றவர்கள் 60,000 பேர் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. 2001 முதல் அந்த மாகாணத்தில் குண்டுகளைத் தேடிச் செயலிழக்கச் செய்யும் ‘ரென்யூ’ என்ற அமைப்பை வியட்நாமியரோடு சேர்ந்து நிறுவியவர்களில் முன்னாள் அமெரிக்கச் சிப்பாய்களும் உண்டு. தங்கள் மன நோய்க்கு அங்கேயே மருந்து தேடிக்கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். எந்த வைத்தியரின் அறையிலும் கிடைக்காத சிகிச்சை அது.

உன் கல்லூரி நூலகத்தில் பாவோ நிங்கின் நாவல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் இருக்கக் கூடும். அதையும், எதிர்ப்பக்கத்துச் சிப்பாயாயிருந்த டிம் ஓ’பிரையன் எழுதிய கதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படி. முதலில் வியட்நாமியரைப் படி. நம் புத்தகக் கடைகளும் சினிமாக் கொட்டகைகளும் இதுவரை மறுபக்கத்தையே அதிகம் நமக்குக் காட்டியிருக்கின்றன. படித்து முடித்ததும் உன் அபிப்பிராயத்தை எனக்கு எழுது. என்னோடு மாறுபட்டால் தயங்காமல் மாறுபட்டே எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா