வால்வு ரேடியோவின் முதல் எழுத்து

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்படும் முன் அந்த வேலையைச் செய்தவை வால்வுகள். 1946-ல் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. வீட்டு ரேடியோவுக்கு நான்கைந்து போதும்.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டில் உள்ள பேக்லைட் ரேடியோவில் நான்கு வால்வுகள் உள்ளன. அதை வைத்தே இந்தப் பாடத்தைப் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பரணிலும் மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என ஏதாவது ஒன்று இருக்கலாம். அதன் பிளக்கைச் செருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பேக்லைட் என்பது 1907-ல் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய பிளாஸ்டிக். அச்சில் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது; மின்சாரத்தையும் கடத்தாது. சூடாகும் வால்வுகளுக்கு ஏற்ற பெட்டி.

நான்கு வால்வுகளின் வேலை இதுதான்:

1. யுசிஎச்81: வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றும். கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தால், ரேடியோ தானே 1454 கிலோஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும். இரண்டின் வித்தியாசம் 455.
2. யுபிஎஃப்89: அந்த 455-ஐப் பெருக்கி, ஒலியைப் பிரித்தெடுக்கும்.
3. யுசிஎல்82: ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.
4. யுஒய்85: ஏசியை டிசியாக மாற்றும்.

முதல் எழுத்தைக் கவனியுங்கள். 'யு' என்றால் வால்வின் ஹீட்டர் 100 மில்லி ஆம்பியரில் இயங்கும். எல்லா ஹீட்டர்களும் சீரியல் லைட் செட் போல ஒரே வரிசையில் இருக்கும். அவற்றுக்கு முறையே 19, 19, 50, 38 வோல்ட், மொத்தம் 126. மீதி 104 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தாங்கும். ஒரு ஹீட்டர் அறுந்தால் நான்குமே எரியாது.

இந்த வகை ரேடியோக்களில் பொதுவாக மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. எனவே உள்ளே உள்ள இரும்புச் சேசிஸ் நேரடியாக மெயின்ஸ் வயருடன் இணைந்திருக்கும். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸில் 230 வோல்ட் ஃபேஸ் வந்துவிடும். பேக்லைட் பெட்டி உங்களைக் காப்பாற்றும்; ஆனால் குமிழ் கழன்று வெளியே தெரியும் இரும்புத் தண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

'இ' என்று தொடங்கும் வால்வுகளுக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் ஹீட்டர். பொதுவாக டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இருந்தாலும் எழுத்தை மட்டும் நம்பித் தொடாதீர்கள். இரண்டு வகையிலும் பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டு, பின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்து வால்வு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணையும் இன்டர்நெட்டில் தேடினால் டேட்டா ஷீட் கிடைக்கும். அதை பிரின்ட் எடுத்து, வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் ரேடியோவுடன் கொடுங்கள். உலர்ந்துபோன பழைய கண்டென்சர்களை மாற்றிய பிறகே அவர் மின்சாரம் கொடுக்கட்டும்.